நான்காம் பாடம்

சீஷத்துவக் குழுவில், அதாவது இயேசுவின் சீடராக வாழப் பழகும் குழுவில், சேர வேண்டும் என்று நான் பெயர் கொடுக்கவில்லை. ஒரு குழுவுக்குத் தலைவராகப் போகிறேன் என்ற நினைப்பில்தான் கொடுத்தேன். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்குப் போயிருப்பேன்.

எங்கள் சபையில் எனக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். யாராவது ஒரு வசனத்தை ஆரம்பித்துவிட்டுத் தடுமாறினால் போதும், நான் இருந்த இடத்திலிருந்தே அதிகாரம், வசன எண் எல்லாம் சேர்த்து மீதியைச் சொல்லி முடித்துவிடுவேன். லிஃப்ட் மெக்கானிக் வேலையில் எனக்கு முப்பது வருஷம். கட்டடத்தின் உச்சியில், மெஷின் ரூமில் தனியாக உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் மனப்பாடம் செய்த வசனங்கள் அவை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தலைகீழாகச் சொல்வேன். அப்படிப்பட்ட என்னைத் தலைவராகப் போடாமல் வேறு யாரைப் போடுவார்கள்?

பஸ் டிரைவரைப் போட்டார்கள்.

நகரப் பேருந்து ஓட்டும் பெண்மணி அவர். விடியற்காலை வண்டி எடுக்கிறவர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கண் சொக்கிவிடும். பிரசங்கத்தில் தூங்குகிறவரை எனக்குத் தலைவியாகப் போட்டிருக்கிறார்களே என்று அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்று பொருமினேன். பட்டியலில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இன்னொருவர் சலூன் வைத்திருப்பவர். நான் பார்த்த முடிதிருத்துபவர்களிலேயே வாயைத் திறக்காதவர் அவர் ஒருவர்தான்.

செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்கு, ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் அறையில் கூடுவோம். அங்கே இருந்தவை எல்லாம் குழந்தைகளுக்கான நாற்காலிகள். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். கணக்கு வாத்தியார் ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்திருக்கும். அதை இரண்டு கையாலும் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் அவர் பேசத் தொடங்குவார்.

ஆளுக்கொரு கைப்புத்தகம் கொடுத்திருந்தார்கள். பத்துப் பாடம், பதினான்கு வாரம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வசனம், அந்த வசனத்தை வைத்துச் செய்ய வேண்டிய ஒரு காரியம். பக்கத்தின் அடியில் ‘செய்தேன்’ என்று ஒரு கட்டம். அதில் நாம் கையெழுத்துப் போட முடியாது. குழுவில் உள்ள மற்றவர்கள்தான் போட வேண்டும். முதல் நாளே டிரைவரம்மா தன் சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

“மத்த குழுவெல்லாம் எப்படி நடத்துவாங்களோ எனக்குத் தெரியாது. எனக்கு ஒரே ஒரு பழக்கம்தான். எல்லாரும் ஏறினாதான் வண்டி எடுப்பேன். ஒருத்தர் நின்னாலும் வண்டி நிக்கும்.”

“யாருக்காகவும் நிக்க வேண்டியிருக்காது சிஸ்டர்,” என்றேன் நான். எவ்வளவு பெரிய வாய் எனக்கு!

முதல் மூன்று பாடமும் மளமளவென்று ஓடின. ஏழு நாள் தவறாமல் ஒரே நேரத்தில் ஜெபிக்க வேண்டும் என்றது முதல் பாடம். அது எனக்குப் பிசாத்து. நம் விசுவாசத்தைப் பற்றி ஒருவரிடமாவது பேச வேண்டும் என்றது இரண்டாவது. நான் பதினொரு பேரிடம் பேசினேன். அதில் நான்கு பேர் லிஃப்டுக்குள் இருந்தார்கள், தப்பிக்க வழியில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு உதவி செய்ய வேண்டும் என்றது மூன்றாம் பாடம். பக்கத்து வீட்டுக்காரரின் அழைப்பு மணியை அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்துச் சரிசெய்து வைத்தேன். அதை எப்படிச் செய்தேன் என்று குழுவில் கால் மணி நேரம் விவரித்தேன்.

“யாருக்கும் தெரியாம செய்யணும்னு போட்டிருக்கே?” என்றார் வாத்தியார்.

“அவருக்குத் தெரியாது சார். உங்களுக்குத்தானே தெரியும்.”

சலூன்காரர் குனிந்து சிரித்தார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

நான்காம் பாடம் வந்தது. நான் சிறுவயதிலேயே படித்த வசனம். பலிபீடத்தில் காணிக்கை வைக்கப் போகும் நேரத்தில் சகோதரனோடு ஒரு மனக்கசப்பு இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்பது அதன் சாரம். செய்ய வேண்டிய காரியமும் அதேதான். மற்ற மூவரும் அந்த வாரமே முடித்துவிட்டு வந்தார்கள். டிரைவரம்மா தன்னோடு வேலை பார்க்கும் கண்டக்டரிடமும், வாத்தியார் தன் மூத்த மகனிடமும், சலூன்காரர் தன் மாமனாரிடமும் போய்ப் பேசியிருந்தார்கள். என் முறை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு வசனத்தை ஒரே மூச்சில் சொன்னேன். பிறகு என் கதையைச் சொன்னேன்.

“எனக்கு ஒரு தம்பி இருக்கான். ஒன்பது வருஷமா பேச்சு வார்த்தை கிடையாது. என் பொண்ணோட பிறந்தநாள். வீடு நிறைய ஆளுங்க. வாசல்ல வந்து நின்னு ‘நீயெல்லாம் ஒரு அண்ணனா’ன்னு அத்தனை பேர் முன்னாடி கத்தினான். பிள்ளை கேக் வெட்டாம அழுதுட்டே உள்ள ஓடிட்டா. அவனை நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். இந்த வாரம் மறுபடியும் முழங்கால் போட்டு மனசார மன்னிச்சேன்.”

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். டிரைவரம்மா பேனாவைத் திறந்தார். சலூன்காரர் மட்டும் என் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“பிரதர், அந்த வசனத்த இன்னொரு தடவ சொல்லுங்களேன்,” என்றார்.

சொன்னேன்.

“மனக்கசப்பு யாருக்கு யார்மேலன்னு இருக்கு?”

மனசுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். முப்பது வருஷமாகத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்த வசனம். எனக்குச் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று அது சொல்லவே இல்லை. சகோதரனுக்கு என்மேல் குறை இருந்தால் என்றுதான் சொல்கிறது. வாய் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மனசு மட்டும் ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு அவர்மேல என்ன கோபம்னு சொல்லிட்டீங்க,” என்றார் சலூன்காரர், யாரையும் நோகடிக்காத குரலில். “அவருக்கு உங்கமேல என்ன கோபம்?”

எனக்குக் காது மடல் சுட்டது. “முடி வெட்டுற வேலைய மட்டும் பாருங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறியதில் கம்பீரம் ஒன்றும் இருந்திருக்காது என்பது இப்போது புரிகிறது.

அடுத்த வாரம் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். போகாவிட்டால் ரேடியோ கெட்டுப்போய்விட்டது என்று சிரிப்பார்களே. சலூன்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. டிரைவரம்மா நான்காம் பாடத்தையே திரும்ப எடுத்தார். அதற்கு அடுத்த வாரமும் நான்காம் பாடம். அடுத்த வாரமும் அதேதான். சுவரின் மறுபக்கம் கூடிய குழு ஆறாம் பாடத்துக்குப் போய், ஏழாம் பாடத்துக்கும் போய்விட்டது. கணக்கு வாத்தியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாழ்நாள் முழுவதும் பாடத்திட்டத்தை நேரத்துக்கு முடித்துப் பழகியவர்.

“நாலாம் பாடத்த கரைச்சுக் குடிச்சாச்சு,” என்று புலம்பினார். “இந்த வேகத்துல போனா, பத்தாம் பாடம் முடிக்க எனக்கு எண்பத்தி ரெண்டு வயசு ஆகும். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்.”

“சார், வண்டி நிக்குது,” என்றார் டிரைவரம்மா. அவ்வளவுதான். என்னை ஒருவரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அவர்கள் சும்மா காத்துக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எட்டாவது வாரம் அதற்கு மேல் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். என் தம்பி கதையை எப்போதும் அந்தப் பிறந்தநாளிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அன்றைக்கு முதல் முறையாக அதற்கு முந்தின வாரத்திலிருந்து ஆரம்பித்தேன்.

தம்பியும் லிஃப்ட் மெக்கானிக்தான். ஒரே கம்பெனி. நான் மேற்பார்வையாளர், அவன் எனக்குக் கீழே. கதவு சரியாக மூடினால்தான் லிஃப்ட் நகரும், அதற்கென்று ஒரு பாதுகாப்பு இணைப்பு உண்டு. பழுது பார்க்கும்போது ஒரு துண்டு ஒயரை வைத்து அந்த இணைப்பை ஏமாற்றி ஓட்டிப் பார்ப்போம். வேலை முடிந்ததும் அந்த ஒயரைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே என் ஒயர் சிவப்பு நிறம், இரண்டு முனையிலும் நீல டேப். கம்பெனி முழுக்க அது யாருடையது என்று தெரியும்.

ஒரு நாள் நான் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஆறாவது மாடியில் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பிவிட்டது. துப்புரவு வேலை செய்யும் ஒரு அம்மா துள்ளிப் பின்னால் குதித்தார். அவருடைய தள்ளுவண்டி நசுங்கியது. ஒரு நொடி தாமதித்திருந்தால் நசுங்கியது வண்டியாக இருந்திருக்காது. முதலில் மேலே ஏறிப் பார்த்தவன் தம்பி. ஒயர் ஒன்று மாட்டியிருந்தது, எடுத்துவிட்டேன் என்று வந்து சொன்னான். எங்கே அந்த ஒயர் என்று மேனேஜர் கேட்டார். தூக்கிப் போட்டுவிட்டேன் என்றான். யாருடைய ஒயர் என்று கேட்டார். தம்பி பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அதோடு முடிந்தது. முந்தின நாள் பதிவேட்டில் இரண்டு பேர் பெயரும்தான் இருந்தது. பதில் சொல்லாதவன் அவன், அதனால் குற்றவாளியும் அவன். வேலை போயிற்று, உரிமத்தையும் பறித்துவிட்டார்கள். ஒரு வாரம் எனக்காகக் காத்திருந்தான். நான் போகவில்லை. பிறகுதான் பிறந்தநாள் அன்று வாசலில் வந்து நின்றான்.

சொல்லி முடித்தேன். கணக்கு வாத்தியார், எண்பத்திரண்டு வயது கணக்குப் போட்டவர், மெதுவாகச் சொன்னார்: “எவ்வளவு நாள் ஆனாலும் பரவால்ல. நாங்க காத்திருக்கோம்.” நான் அங்கேயே, அந்தக் குட்டி நாற்காலியிலேயே, விக்கி விக்கி அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை தம்பியைப் பார்க்கப் போனேன். கடைகளுக்கு இரும்பு ஷட்டர் பழுது பார்க்கும் ஒரு சிறிய பட்டறை வைத்திருந்தான். ஸ்பிரிங்குகளும் கிரீஸ் டப்பாக்களுமாக, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய இடம். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“மன்னிச்சிடுப்பா,” என்றேன்.

“எதுக்கு?”

“எல்லாத்துக்கும்.”

“எல்லாத்துக்கும்னா எதுக்கும் இல்ல,” என்றான். ஷட்டரைப் பிடித்து என் முகத்துக்கு நேராக இழுத்து மூடினான். தொழில்காரன் எண்ணெய் போட்டு வைத்திருந்த ஷட்டர், சத்தமே இல்லாமல் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை இதைச் சொன்னபோது டிரைவரம்மா கேட்டார்: “அவர் பேர் எங்க கெட்டுச்சு பிரதர்? உங்க வீட்டிலயா, பட்டறையிலயா?”

“ஆபீஸ்ல.”

“அப்போ நீங்க தப்பான ஸ்டாப்ல இறங்கிட்டீங்க.”

அவர் சொன்னது நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. எங்கள் அலுவலக வராந்தாவில் என் புகைப்படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். ‘குறையற்ற இருபத்தைந்து ஆண்டுகள்’ என்று அதன் கீழே எழுதியிருக்கும். ஓய்வு பெற இன்னும் பத்தொன்பது மாதம். வாயைத் திறந்தால் வேலை போகலாம், உரிமம் போகலாம், அந்தப் படம் போவது நிச்சயம். திறக்காவிட்டால் தம்பி போய்விடுவான். இந்த முறை போனால் திரும்ப மாட்டான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவளுக்கும் அந்த ஒயர் விஷயம் தெரியாது. சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் குட்டையும் உடைத்தாள்: ஒன்பது வருஷமாக மாதம் தவறாமல் தம்பி மனைவியோடு ஃபோனில் பேசிக்கொண்டுதான் இருந்தாளாம்.

“அவளுக்கும் இது தெரியாதுங்க,” என்றாள். “கட்டின பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல அவரு.”

“வேலை போயிடும்டி.”

“போனா போகட்டும். போய்ச் சொல்லிட்டு வாங்க. மதியத்துக்குள்ள வந்துட்டீங்கன்னா சூடா சாப்பிடலாம்.”

போனேன். மேனேஜர் அறை வாசலில் என் படத்தைக் கடந்துதான் போக வேண்டும். அதை ஆணியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே போனேன். அதே மேனேஜர்தான், முன்பு இருந்த முடி மட்டும் இப்போது இல்லை. படத்தை அவர் மேஜையில் குப்புற வைத்தேன். “ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அந்த ஆறாவது மாடி விஷயம். ஒயர் என்னோடது,” என்றேன். அவ்வளவு சின்ன வாக்கியம். அதைச் சொல்ல ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பாதுகாப்பு அதிகாரியை வரவழைத்தார். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டேன். என் பழைய வேலைகளையெல்லாம் சோதித்துப் பார்த்து, நாலைந்து நாளில் முடிவு சொன்னார்கள். மேற்பார்வையாளர் பதவி போயிற்று. லிஃப்டை இயக்கும் மின்சாரப் பேனலில் தனியாகக் கை வைக்கக் கூடாது. மீதி மாதங்கள் லிஃப்ட் குழியைச் சுத்தம் செய்து, லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட வேண்டும். தம்பியின் மேல் இருந்த குற்றத்தை நீக்கி, உரிமத்தைத் திருப்பித் தரச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிவிட்டு, அவனுக்கும் கடிதம் அனுப்பினார்கள்.

“இது போதும்ல?” என்றார் மேனேஜர்.

“போதாது சார். அவன் போனது எல்லார் கண் முன்னாடியும். அத நான் எல்லார் முன்னாடியும் சொல்லணும்.”

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் பிரிவதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் ஸ்டோர் முன்பு கூடுவோம். முப்பத்திரண்டு பேர். பாதிப் பேர் என்னிடம் தொழில் கற்றவர்கள். ஒரு மரப் பெட்டிமேல் ஏறி நின்றேன். வசனம் ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஸ்டோர் கீப்பர் மட்டும் கேட்டார்: “சிவப்பு ஒயரா? நீல டேப்பா?” “ஆமா,” என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அவன் மட்டும் அன்னிக்கு அத எடுத்துக் காட்டியிருந்தா…” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்.

பெட்டியிலிருந்து இறங்கினேன். ஒருவர் முகம் கொடுக்கவில்லை, இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இரண்டுமே சம்மதமாக இருந்தது. அன்றைக்கு லிஃப்ட் குழிக்குள் இறங்கி முழங்கால் அளவு தூசியை வாரும்போது உரக்கப் பாடினேன். மேலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டதா என்று கேட்டது காதில் விழுந்தது. இன்னும் சத்தமாகப் பாடினேன். ஒன்பது வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் போய்விட்டது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா!

ஆனால் தம்பியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மட்டும் மனைவி விசாரித்துச் சொன்னாள். ஒரு வாரம் போயிற்று. அடுத்த வாரமும் போயிற்று. சலூன்காரரிடம் நானாகப் புத்தகத்தை நீட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

பதினான்காவது வாரம், நிறைவு ஞாயிறு. ஒவ்வொரு குழுவாக மேடைக்கு அழைத்துச் சான்றிதழ் கொடுத்தார் பாஸ்டர். முதல் குழு பத்துப் பாடம். இரண்டாவது குழு பத்துப் பாடம், கூடவே ஒரு பாட்டு. நான்காவது குழு பத்துப் பாடத்தையும் ஒரு நாடகமாகவே போட்டுக் காட்டியது. ஐந்தாவதாக எங்களைக் கூப்பிட்டார்கள். டிரைவரம்மா என் முதுகில் கை வைத்து மைக் பக்கம் தள்ளினார். “ரேடியோ, நீங்க பேசுங்க.”

முன்பானால் மைக்கைப் பார்த்ததும் எனக்கு இறக்கை முளைத்துவிடும். அன்றைக்கு மைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“எங்க குழு மூணு பாடம்தான் முடிச்சிருக்கு,” என்றேன். சிலர் சிரித்தார்கள். “நாலாம் பாடத்துல நிக்குது. நிக்கிறதுக்குக் காரணம் நான். இவங்க மூணு பேரும் பத்து வாரம் எனக்காக நின்னாங்க.” பிறகு அந்தச் சிவப்பு ஒயரைப் பற்றிச் சொன்னேன். தரையைப் பார்த்ததைச் சொன்னேன். பிறந்தநாளில் கத்தியவன்மேல் ஒரு தப்பும் இல்லை, கத்த வைத்தவன் நான் என்றேன். “சொல்ல வேண்டிய எடத்துல எல்லாம் சொல்லிட்டேன். அவன் இன்னும் பேசல. பேசலன்னாலும் அவன்மேல குறையில்ல. இந்தக் கட்டம் காலியாவே இருக்கட்டும். இவங்க பாடத்த மட்டும் நிறுத்தாம—”

கடைசி வரிசையில் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள்.

தம்பி. வேலைச் சட்டையோடு, கையில் கிரீஸ் கறையோடு. அவனுக்குப் பின்னால் அவன் மனைவி, அவள் பக்கத்தில் என் மனைவி. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. தம்பி நடுப்பாதையில் நடந்து வந்தான். மேடைப் படியில் ஏறி, என் முன்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்தான்.

ஒரு சாண் நீளச் சிவப்பு ஒயர். இரண்டு முனையிலும் நீல டேப், வெளுத்துப் போயிருந்தது.

“தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னியேடா,” என்றேன். அது மைக்கில் கேட்டதாம், எனக்குத் தெரியாது.

“இத காட்டியிருந்தா அன்னிக்கே தப்பிச்சிருப்பேன்,” என்றான். “ஒயர் சொல்லி நான் தப்பிக்க வேண்டாம், நீ சொல்லணும்னு வச்சிருந்தேன்.” அவன் குரல் உடைந்தது. “சொல்லிட்டண்ணே. இந்தா, பிடி.”

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கேட்ட ‘அண்ணே’. அவனைக் கட்டிக்கொண்டேன். அவன் சட்டையிலிருந்த கிரீஸ் முழுவதும் என் வெள்ளைச் சட்டையில். ஒயர் இரண்டு பேர் கைக்கும் நடுவில் கசங்கியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. விலகிப் பார்த்தபோது சலூன்காரர் என் கைப்புத்தகத்தைத் திறந்து பேனாவோடு நின்றுகொண்டிருந்தார். தானாக முன்வந்து இரண்டாவது முறையாக வாயைத் திறந்தார்.

“முதல்ல நீங்க போடுங்க பிரதர்,” என்று தம்பியிடம் நீட்டினார்.

தம்பி கட்டத்தின் மேல் ஓரத்தில் கையெழுத்துப் போட்டான். கிரீஸ் ரேகையும் சேர்ந்து பதிந்தது. அதன் கீழே சலூன்காரர் போட்டார், பிறகு டிரைவரம்மா. வாத்தியார் ஏற்கெனவே போட்டிருந்தார், ஆனாலும் அடக்க முடியாமல் இன்னொரு முறை போட்டார். டிரைவரம்மா மைக்கைப் பிடித்து, “எல்லாரும் ஏறியாச்சு!” என்றார். சபை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. பத்துப் பாடம் முடித்தவர்களும் தட்டினார்கள். பிரசங்கம் முழுக்கத் தூங்குகிற டிரைவரம்மா அன்றைக்கு ஒரு கண்ணைக்கூட மூடவில்லை. மூட முடியாதபடி அழுதுகொண்டிருந்தார்.

எங்களுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஐந்தாம் பாடம் செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு என்று வாத்தியார் மேடையிலிருந்து இறங்குவதற்குள் மூன்று முறை நினைவுபடுத்தினார். செவ்வாய்க்கிழமை ஐந்தாவதாக ஒரு குட்டி நாற்காலி போட வேண்டியிருந்தது. தம்பி அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கால் ஆடுகிறது என்று சொல்லி அங்கேயே திருப்பி வைத்துத் திருகாணியை முடுக்கினான்.

இரண்டு மாதத்தில் அவன் உரிமம் திரும்ப வந்தது. கம்பெனி அவனைக் கூப்பிட்டு, காலியாக இருந்த மேற்பார்வையாளர் இடத்தையே கொடுத்தது. என் இடத்தை. நான் இப்போது அவனுக்குக் கீழே வேலை பார்க்கிறேன். அவன் பக்கத்தில் இருந்தால் மட்டும் பேனலைத் தொட எனக்கு அனுமதி உண்டு. வேலை முடிந்து மெஷின் ரூம் கதவைச் சாத்தும்போது ஒவ்வொரு நாளும் அவன் கையை நீட்டுவான்.

“ஒயர் எங்கண்ணே?”

சிவப்பு ஒயரை எடுத்து அவன் உள்ளங்கையில் வைப்பேன். புரட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவான். பிறகு இரண்டு பேரும் படியில் இறங்காமல், நாங்களே சரிசெய்த லிஃப்டில் இறங்கி வருவோம்.